ஒரு மணிச் சாப்பாடு

நவம்பர் 2, 1986. ஞாயிறு

தூறல், நாள் முழுக்க. பல்கனியில் தொங்கும் வெள்ளைக் கோட்டு இன்னும் ஈரம். அதை வீட்டுக்குள் கொண்டுவர அம்மா விடமாட்டார். உடற்கூற்று அறையின் மருந்து நெடி சோற்றில் ஏறுமாம்.

படிக்க வேண்டியது: தோளின் நரம்புகள். படித்தது: அரைப் பக்கம். மிச்ச நேரம் தோடம்பழத் தோலில் தையல் பழகினேன். பதினொரு முடிச்சு, நான்கு தேறும். அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, பழத்துக்கு ஒப்பரேஷனோ?"

"பழகிறன் அம்மா."

"பழகி முடிஞ்சா நூலைக் கழட்டிப்போட்டுத் தா. நாளைக்கு விரதம் தொடங்குது. பழம் வேணும்."

மருத்துவப் படிப்புத் தொடங்கி இரண்டு மாதம். எமேர்ஜென்சி டொக்டராகத்தான் வரப்போகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னது இதுவரை மூன்று பேரிடம்.

அப்பா: "கண் டொக்டருக்குப் படிச்சா ஒழுங்கா நித்திரை கொள்ளலாம்." ஒஷாவாத் தொழிற்சாலைக்குப் போக விடிய நாலரைக்கு எழும்புகிறவர் சொல்வது. நியாயம்தான். கேட்கமாட்டேன்.

வகுப்பில் பக்கத்து மேசைக்காரன்: அது இன்னும் ஒரு துறையே இல்லையே, நேற்றுத்தானே முளைத்தது.

டொக்டர் ம.: "புதன்கிழமை ஒரு மணிக்கு வா. ரப்பர் அடிச் சப்பாத்துப் போடு."

டொக்டர் ம.வை நினைத்தால் இன்னும் நம்ப முடியவில்லை. ஒரு மூலையில் நின்று பார்க்க விடுங்கள் என்று ஏழு ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினேன். முதலாம் வருடக்காரியை யார் உள்ளே விடுவார்கள். ஸ்காபரோவிலிருந்து அவர் ஒருவர் மட்டும் பதில் போட்டார், இரண்டு வரி. அன்று முதல் புதன்தோறும் போகிறேன். அந்தத் தாள் அகராதிக்குள் இருக்கிறது. அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அவருக்கு நான் என்ன உறவு? நல்ல மனிசி.

இந்த வருடமே செய்ய வேண்டியவை:
– நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சி. முடிந்தது.
– ஈ.சி.ஜி. வாசிக்கப் பழக. புத்தகம் எடுத்தாயிற்று, திறக்கவில்லை.
– தையல். தோடம்பழத்துக்குப் பிறகு பன்றிக்கால். அம்மாவுக்குச் சொல்லக் கூடாது.
– புதன்கிழமை ஒன்றும் தவறக் கூடாது.
– கோடை இடம். (அடியில் இரண்டு கோடு.)

கோடை விடுமுறைக்கு அந்த எமேர்ஜென்சியில் ஒரேயொரு மாணவரை எடுப்பார்கள். மூன்று மாதமும் உள்ளேயே. பெரிய வகுப்புப் பிள்ளைகளும் கேட்பார்கள். டொக்டர் ம.வின் கடிதம் இருந்தால் எனக்கும் வழி உண்டு. இல்லாவிட்டால் இல்லை. அவரிடம் கேட்க இன்னும் துணிவு வரவில்லை.

நவம்பர் 3. திங்கள்

குளிர். பஸ் தரிப்பில் மூக்கு நுனி செத்துப்போனது.

அம்மாவுக்குக் கந்தசஷ்டி தொடங்கியது. வழக்கமாக ஆறு நாள், இந்த முறை திதி ஒன்று குறைந்து ஐந்து. பகலில் ஒன்றுமில்லை, பின்னேரம் பாலும் பழமும். விடியவே கோயிலுக்குப் போய், இடக் கையில் மஞ்சள் நூற் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். ஆண்களுக்கு வலக் கை. கோயில் என்பது தச்சுப் பட்டறைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த மண்டபம், சாம்பிராணியோடு மரத்தூளும் மணக்கும். அங்கிருந்து நேரே வேலைக்குப் போனார். முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதி. அந்த வெக்கைக்குள் வெறும் வயிற்றோடு எட்டு மணித்தியாலம்.

பின்னேரம் ரெலிபோன். அம்மாவுக்குத் தெரிந்த யாரோ அன்ரி. அம்மா சொன்னது காதில் விழுந்தது:

"ஓம் ஓம், சாப்பிட்டாச்சு. நீங்கள் சாப்பிட்டாச்சே?"

பால் அப்போதுதான் அடுப்பில்.

"ஏனம்மா பொய் சொல்லுறீங்கள்?"

"உது பொய்யே? கேட்டா அப்பிடித்தானே சொல்லுறது."

அதுவும் சரி. என்னிடம் கேட்டாலும் வாய் தன்பாட்டில் ஓம் என்கிறது. யாரையும் அடுப்படிக்கு ஓட வைக்கக் கூடாது, அவ்வளவுதான். விரதம் பிடித்தால் அதைப் பறைதட்டவும் கூடாது. சிரித்தேன்.

உடற்கூற்றில் இன்று தோள்பட்டை திறந்தோம். எங்கள் மேசையில் கிடக்கிறவரின் பேர் தெரியாது. தன் உடம்பை முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கத்தி வைக்கும் முன் ஒவ்வொரு தரமும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன். பக்கத்து மேசைக்காரன் ஏன் உதடு அசைகிறது என்று கேட்டான். நரம்புகளின் பேரைப் பாடமாக்குகிறேன் என்றேன்.

நவம்பர் 5. புதன்

எட்டு மணி. சமையலறை மேசை. நேரப்படி எழுதுகிறேன். இல்லாவிட்டால் என்னை நானே ஏமாற்றிவிடுவேன்.

1.00. போய்ச் சேர்ந்தேன். எல்லோர் நெஞ்சிலும், போரில் இறந்தவர்களின் நினைவுக்குக் குத்தும் சிவப்புப் பொப்பிப் பூ. டொக்டர் ம.வின் பூ ஊசி கழன்று அவரையே குத்திக்கொண்டிருந்தது. நேர்ஸ் மார்வா, ஜமேய்க்காக்காரி, அந்த இடத்தின் உண்மையான அதிகாரி, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட தன் பற்றிஸில் பாதியை நீட்டினார். சாப்பிட்டுவிட்டேன் என்றேன். காலையில் தின்றது ஒரு துண்டுப் பாண். எங்கள் ஆட்கள் என்றால் மூன்று தரமாவது கேட்பார்கள். மார்வா ஒரு தரம் கேட்டார், பிறகு முழுவதையும் தானே சாப்பிட்டார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

2.15. ஒரு தமிழர். ஐம்பத்தைந்து இருக்கும். களஞ்சியம் ஒன்றில் சாமான் இறக்குகிற வேலை, ஈரத் தளத்தில் சறுக்கி விழுந்து வலத் தோள் மூட்டு விலகிவிட்டது. கூட வேலை செய்கிறவன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டான். இங்கிலீஷ் அதிகம் வராது. டொக்டர் ம. என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். மூலையில் நின்ற எனக்கு ஒரு வேலை! சந்தோஷத்தில் கால் நிலத்தில் படவில்லை.

பேர் சிவஞானம். வெக்ஸ்போர்ட்டில், எங்களுக்கு மூன்று தெரு தள்ளித்தான் வீடு. தமிழில் கதைத்ததும் முகம் தெளிந்தது.

"பிள்ளை யாழ்ப்பாணமே?"

"ஓம் அங்கிள். பயப்பிடாதேங்கோ."

மருந்து ஏதும் எடுப்பவரா என்று டொக்டர் ம. கேட்கச் சொன்னார். "சீனி வருத்தத்துக்குக் காலமை ஒரு குளிசை. இண்டைக்கும் போட்டனான்." அப்படியே சொன்னேன்.

அடுத்தது: கடைசியாக என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு? மூட்டை இழுத்துப் போட மயக்க மருந்து கொடுக்க வேண்டும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது மேலே வந்து நெஞ்சுக்குள் போகலாம், அதனால் சாப்பிட்டவர் ஆறு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். காரணம் எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

நான் கேட்டது: "சாப்பிட்டனீங்களோ அங்கிள்?"

அவர்: "ஓம் பிள்ளை, சாப்பிட்டாச்சு."

டொக்டர் ம.: "எப்போது?"

நான்: "ஒரு மணிக்கு."

அவர் ஒரு மணி என்று சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. மத்தியானம் தாண்டிவிட்டது, சாப்பிட்டேன் என்கிறார், ஆகவே ஒரு மணியாகத்தான் இருக்கும். கேட்டதும் சொல்கிற கெட்டிக்காரியாக நிற்க ஆசை. டொக்டர் ம. பதிவுத் தாளில் எழுதினார். சாப்பாடு, 1 மணி. ஏழு மணி வரை பொறுக்க வேண்டும், நோவுக்கு ஊசி போடுகிறேன் என்றார்.

3.00. நெடுஞ்சாலையில் மூன்று கார் மோதல். எல்லோரும் அந்தப் பக்கம். என்னை அங்கிளின் பக்கத்தில் ஸ்ரூல் போட்டு இருத்தினார்கள். மனைவி பூமணி அன்ரி வேலையால் வர ஐந்தரையாகும் என்றார். கொஞ்சம் கதைத்தார், பிறகு கண்ணை மூடினார்.

4.20. நெற்றி முழுக்க வியர்வை, திருநீறு கரைந்து புருவத்தில். நோவாக்கும் என்று நினைத்தேன். துடைத்தேன். திரும்பவும் வியர்த்தது. இடக் கையால் இல்லாத சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். "அங்கிள்" என்றேன். என்னை நேரே பார்த்து, "பூமணி, அடுப்பை நிப்பாட்டினனியோ?" என்றார்.

போர்வை சரிந்தது. வலக் கையின் மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

டொக்டர் ம. நாடி பிடித்தபோது அதைப் பார்த்திருப்பார். அவருக்கு அது ஒரு நூல். நான் அப்போது கட்டிலின் மறுபக்கம் நின்றேன். அதே மாதிரி நூல் கட்டிய கையால்தான் இன்று காலை அம்மா எனக்குப் பாண் தந்தார்.

மூன்றாம் நாள். குளிசை போட்டிருக்கிறார். சாப்பிடவில்லை.

மார்வா என்று கத்தினேன். விரதம், சீனி, குளிசை, மூன்று சொல்லும் எந்த ஒழுங்கில் வந்ததோ தெரியாது. மார்வாவுக்கு விளங்கியது. விரலில் குத்தி, பட்டையில் ஒரு சொட்டு. பட்டையைப் போத்தலில் அச்சடித்த நிறப் பெட்டிகளோடு வைத்துப் பார்த்தார்: ஆகக் கீழ்ப் பெட்டி, சீனி ஆகக் குறைவு. டொக்டர் ம. கையுறையைக் கழற்றியபடி ஓடி வந்தார். இரத்தக் குழாயில் சீனி மருந்து. அதற்குள் அங்கிளின் கண் மேலே போய்விட்டது. ஒரு நிமிடம்கூட இருக்காது. எனக்கு அது போதும், வாழ்நாளுக்கும்.

பிறகு முழித்தார்.

"ஏன் பிள்ளை அழுறீர்?"

தொங்கும் பையைக் காட்டி, உதுக்குள்ள என்ன என்று கேட்டார். சீனித் தண்ணி என்றேன். மணிக்கட்டு நூலைப் பார்த்தார்.

"அப்ப விரதம் முறிஞ்சுது" என்றார், மெதுவாக.

வயிறு வெறும் வயிறுதானே, தோளை உடனேயே இழுத்துப் போட்டார்கள். இரண்டே கால் மணிக்கே போட்டிருக்கலாம். இரண்டரை மணித்தியாலம் அந்த நோவோடு கிடந்தது என்னால். அந்தக் குளிசை உடம்பில் கனநேரம் நிற்குமாம், சீனி திரும்ப இறங்கலாம், அதனால் சனிக்கிழமை வரை மேலே வார்ட்டில்.

எல்லாம் முடிந்ததும் டொக்டர் ம. என் தோளில் கை வைத்தார். "நோயாளிகள் சில நேரம் பொய் சொல்வார்கள். நீ அந்த நூலைக் கண்டாய். நல்ல கண்." பதிவுத் தாளில் எழுதினார்: நோயாளி தவறான தகவல் தந்தார்.

நான் தலையாட்டினேன்.

நவம்பர் 6. வியாழன்

வெயில். ஒன்றும் உறைக்கவில்லை.

கல்லூரி அலுவலகத்தில் எனக்கு ஒரு செய்தி. டொக்டர் ம. போன் பண்ணியிருக்கிறார். கோடை இடத்துக்குக் கடிதம் தருவதாக. நான் கேட்காமலே. மாதக்கணக்காக எதற்கு ஆசைப்பட்டேனோ அது ஒரு மஞ்சள் துண்டுத் தாளில். இரண்டு நாளைக்கு முன் வந்திருந்தால் சப்வேயில் ஆடியிருப்பேன்.

சொன்னால்: கடிதம் இல்லை. புதன்கிழமையும் இல்லாமல் போகலாம். சொல்லாவிட்டால்: எல்லாம் உண்டு. அங்கிள் பிழைத்துவிட்டார். யாருக்கு நட்டம்?

"நோயாளி தவறான தகவல் தந்தார்." அவருக்குத்தான் நட்டம்.

மத்தியானம் சாப்பிடவில்லை. விரதமில்லை, இறங்கவில்லை.

நவம்பர் 7. வெள்ளி

சஷ்டி. அம்மாவின் கடைசி நாள். சூரன் போர் பார்க்கக் கோயிலுக்குப் போகும் வழியில் என்னை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனார்கள். அப்பா வேலையால் வந்த களை, இருந்தும் முகம் சுளிக்கவில்லை. இந்த மனிதர் என் படிப்புக்காகக் கார் ஓடியதை ஒரு கோட்டில் வைத்தால் எந்த ஊரில் போய் நிற்கும்.

அங்கிள் வார்ட்டில், வலக் கை தூக்குத் துணியில். பூமணி அன்ரி பக்கத்துக் கதிரையில். அவர் இடக் கையிலும் காப்பு. இவருடைய விரதத்தையும் சேர்த்துத் தான் பிடிக்கிறாராம். "ரெண்டு பேருக்குமா ஒராள் பிடிச்சா முருகன் ஏற்கமாட்டாரே?" என்றார். எனக்கு எப்படித் தெரியும். ஏற்பார் அன்ரி என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். கையை உதறிக்கொண்டு ஓடலாம் போல இருந்தது.

அன்ரி தண்ணீர் எடுக்கப் போனதும் அங்கிள் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். ஒரு மணிக்குச் சாப்பிட்டதெண்டு நான் சொன்னனானோ? இஞ்ச ஒரு டொக்டர் வந்து, பொய் சொல்லக் கூடாது எண்டு பேசிப்போட்டுப் போறார். எனக்கு அந்த ஞாபகமே இல்லை. விழுந்த கையோட என்ர மூளையும் பிசகிப் போச்சோ எண்டு யோசிக்கிறன். அவளுக்கும் சொல்லேல்லை."

இரண்டு நாளாக இந்தப் பயத்தோடு படுத்திருக்கிறார்.

"நீங்கள் சொல்லேல்லை அங்கிள். நீங்கள் சாப்பிட்டாச்சு எண்டு மட்டும்தான் சொன்னனீங்கள். ஒரு மணி எண்டு சொன்னது நான்."

பார்த்தார். "நீரோ?"

"ஓம். வீட்டுக்கு வந்த ஆக்களைக் கேக்கிற மாதிரிக் கேட்டனான். மிச்சத்தை நானே போட்டுச் சொன்னனான்."

கோபப்படுவார் என்று நின்றேன். அவர் தலையணையில் சாய்ந்து பெரிய மூச்சு விட்டார்.

"அப்பாடா. அப்ப மூளை சரி."

பிறகு: "என்னிலயும் பிழை இருக்கு. விரதம் எண்டு சொன்னா உவையள் பிடிச்சுச் சாப்பிடப் பண்ணிப்போடுவினம் எண்டு பயந்தனான். குளிசையை ஒரு நாளும் விடக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர், விரதத்தை விடக் கூடாது எண்டு மனம் சொல்லிச்சு. ரெண்டையும் விடேல்லை."

"நாளைக்கு நான் டொக்டரிட்டச் சொல்லப் போறன்."

"சும்மா இரும். ஏன் வீண் கரைச்சல்? படிக்கிற பிள்ளை. நான் பொய் சொன்னனான் எண்டே இருக்கட்டும். எனக்கென்ன, களஞ்சியத்தில பெட்டி இறக்கிறதுக்கு அந்தப் பேப்பரே கேக்கப் போறாங்கள்?"

அதைக் கேட்டதும் தீர்மானம் ஆகிவிட்டது. எனக்காகப் பொய்யன் என்ற பேரைத் தூக்கிக்கொள்ள ஒருவர், பார்த்து மூன்று நாள். அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது.

வீடு. அம்மா கோயிலால் வந்து பால் குடித்துக்கொண்டிருந்தார். முழுவதும் சொன்னேன். அப்பா பேப்பருக்குப் பின்னால், ஆனால் பக்கம் புரளவில்லை.

"சொன்னா அந்த இடம் போயிடுமோ?" என்றார் அம்மா.

"போகலாம்."

அம்மா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். துடைத்தார். திரும்பவும் கவிழ்த்தார்.

"நாளைக்குப் பஸ்ஸில போகாத. அப்பா கொண்டுபோய் விடுவார்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து: "எத்தனை மணிக்கு?"

நவம்பர் 8. சனி

காலையில் உறைபனி. அப்பா கார்க் கண்ணாடியைச் சுரண்டினார், நான் உள்ளே இருந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். எல்லா வசனமும் "ஆனால்" என்று தொடங்கியது. இறங்கும்போது அப்பா, "நான் உதில நிக்கிறன். ஆறுதலா வா" என்றார். சனிக்கிழமை ஒன்றுதான் அவருக்கு நித்திரை கொள்ளக் கிடைப்பது.

பத்தரை. டொக்டர் ம. கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில். கடிதம் தட்டச்சாகிவிட்டது, கையெழுத்துத்தான் பாக்கி என்றார் என்னைக் கண்டதும். நான் "ஆனால்" இல்லாமல் சொன்னேன். நோயாளி பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்டால் அப்படித்தான் பதில் வரும். அவர் சொன்னது மரியாதை. ஒரு மணி என்னுடையது.

அவர் கோப்பியை வைத்தார். நடந்தார், பின்னால் போனேன். புதன்கிழமைப் பதிவுத் தாளை எடுப்பித்தார். "1 மணி" என்பதன் மேல் ஒற்றைக் கோடு, பழைய எழுத்துத் தெரியும்படி. பக்கத்தில் புதிதாக: மொழிபெயர்த்தவர் ஊகித்தது, நோயாளி கூறவில்லை. திகதி, கையெழுத்து. "தவறான தகவல் தந்தார்" மேலும் ஒற்றைக் கோடு. அந்த இரண்டு கோட்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"புதன்கிழமை இதைச் சொல்லியிருக்க வேண்டும்" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நல்லது.

"ஓம்."

"அவர் செத்திருக்கலாம்."

"ஓம்."

"கடிதத்தில் இன்னொரு பந்தி சேர்ப்பேன். நீ செய்ததும் இருக்கும், இன்றைக்கு வந்து சொன்னதும் இருக்கும். வாசித்த பிறகும் எடுப்பதென்றால் எடுக்கட்டும். அது என் கையில் இல்லை."

அப்படியென்றால் நான் இனி வரலாமா என்று கேட்டேன். குரல் பூனைக்குட்டியுடையது.

"புதன், ஒரு மணி. மறுபடி யாருடைய வாய்க்குள்ளும் நீ சாப்பாடு வைக்காதே."

மார்வா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். பேப்பரும் பேனையும் நீட்டினார். பிழையில்லாமல் எப்படிக் கேட்பது, எழுது என்றார். யோசித்து எழுதினேன்: கடைசியா வாய்க்குள்ள என்ன போனது? எத்தனை மணிக்கு? விரதம் ஏதும் பிடிக்கிறீங்களோ? சத்தத்தை இங்கிலீஷ் எழுத்தில் கீழே எழுதச் சொன்னார். நாலு தரம் சொல்லிப் பார்த்தார். "விரதம்" அவர் வாயில் யாழ்ப்பாணத்தையும் ஜமேய்க்காவையும் தாண்டி எங்கேயோ போனது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். என் கையெழுத்து எமேர்ஜென்சியில்! பிழையால் வந்த இடம், ஆனாலும் இடம்தான்.

கார் அதே இடத்தில். அப்பா வாய் திறந்தபடி நித்திரை. கண்ணாடியில் தட்டினேன்.

"சொன்னனியோ?"

"ஓம்."

"என்னவாம்?"

"புதன்கிழமை வரட்டாம்."

தலையாட்டினார், காரை எடுத்தார். லோரன்ஸ் அவெனியூ சிவப்பு விளக்கில்: "கண் டொக்டர் வேண்டாம்தான் போல." நான் யன்னலால் வெளியே பார்த்தேன்.

அங்கிளைக் காலையிலேயே வீட்டுக்கு விட்டுவிட்டார்களாம். இன்று பாறணை. விரதம் முடித்துச் சாப்பிடும் நாள். மத்தியானம் கட்டாயம் வர வேண்டும் என்று அன்ரி நேற்றே சொல்லியிருந்தார். அப்பா என்னை வாசலில் இறக்கிவிட்டு, அம்மாவைக் கூட்டிவரப் போனார். பேஸ்மென்ட் வீடு, படி இறங்கவே கத்தரிக்காய்க் குழம்பு வாசம். அங்கிள் கதிரையில், கை தூக்குத் துணியில், நெற்றியில் புதுத் திருநீறு. நான் சொல்லிவிட்டேன் என்றேன். விசர்ப் பிள்ளை என்றார். ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேப்பரில் இப்போது என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் சொன்னேன்.

அன்ரி குசினியிலிருந்து வந்தார், கையில் அகப்பை.

"வாரும் பிள்ளை. சாப்பிட்டனீரோ?"

"ஓ..." வாய் பாதி போய்விட்டது.

அங்கிள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அன்ரி. சாப்பிடேல்லை. நல்லாப் பசிக்குது."

"மணியையும் சொல்லும் பிள்ளை" என்றார் அங்கிள். "கடைசியா என்ன, எத்தனை மணிக்கு?"

"நேற்று ஏழரைக்கு. ரெண்டு பிஸ்கட்."

சிரித்தார், சிரித்துத் தோளைப் பிடித்தார், "சிரிக்கப் பண்ணாதேயும், நோகுது" என்று திரும்பவும் சிரித்தார். அன்ரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரெண்டு பிஸ்கட்டோ என்று பதறிப்போய் நின்றார். பிறகு அகப்பையோடு குசினிக்குள் ஓடினார். வாழையிலைக்குப் பதில் வெள்ளைக் கடதாசித் தட்டு. சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை. முதல் பிடி அங்கிளுக்கு, இடக் கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். இரண்டாவது எனக்கு.

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

சாப்பாடு, 1 மணி.